இடப்பக்கம் தெறிக்கும் பித்தளை

கடைக்குள் நுழைந்ததுமே ரொஹேலியோவிடம் சொல்லிவிட்டேன், எனக்கு வேண்டியது நாலே நாலு விஷயம் என்று. துப்பாக்கி குட்டையாக இருக்க வேண்டும். அடி பெரிதாக இருக்க வேண்டும். மழையில் மக்கர் பண்ணக் கூடாது. நான் கேட்பதைக் கேட்டு அவன் சிரிக்கக் கூடாது. கடைசி ஒன்றுதான் அவனால் முடியவில்லை.

“அக்கா, போன வருஷம் இதே குட்டைத் துப்பாக்கியப் பாத்து, செவுத்துல ஓட்டை போடுற மெஷின்னு சொன்னது யாரு?”

“நான்தான். இப்ப நானே வந்து கேக்குறேன். காட்டுறியா, இல்ல அடுத்த கடைக்குப் போகட்டுமா?”

“அடுத்த கடையில தூண்டில்தான் விப்பான். உக்காருங்க, காபி போடுறேன்.”

நான் கோடியாக் தீவுக்காரி. பிறந்ததும் இங்கேதான், மண்டையைப் போடப் போவதும் இங்கேதான். சால்மன் ஏறும் ஓடையில் மீன் எண்ணுகிறவர்களுக்குக் கரடிக் காவல் போவது என் வேலை. அவர்கள் தலையைக் குனிந்து மீனை எண்ணுவார்கள், நான் தலையை நிமிர்த்திப் புதரைப் பார்ப்பேன். இருபது வருடமாக என்னிடம் ஒரு நீட்டுத் துப்பாக்கிதான். அப்பா வைத்திருந்தது. அதைக் குறை சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

போன ஆகஸ்டில் அந்தக் கோபத்துக்கு ஒரு முடிவு வந்தது. ஆல்டர் புதருக்குள் கரடிகள் நடந்து நடந்து குகை மாதிரி ஆன பாதை ஒன்று உண்டு. அதில் குனிந்து போகிறோம். முன்னால் நான், நடுவில் மீன் எண்ணும் பிரிட்டா, பின்னால் என் கூட்டாளி எரேமி. வளைவு திரும்பினால் எதிரே கரடி. நாலு முழத் தூரம்தான் இருக்கும். துப்பாக்கியைத் தூக்குகிறேன், குழல் நுனி கிளையில் மாட்டிக்கொண்டது. இழுக்கிறேன், வரவில்லை. கரடியின் வாய் நாற்றம் மூக்கில் அடித்தது. அப்போது என் காதை ஒட்டி ஒரு வெடி. பின்னாலிருந்து எரேமி, பிரிட்டாவை ஒரு கையால் தள்ளிவிட்டு, மறுகையில் அந்த ஓட்டை போடுகிற மெஷினை நீட்டிச் சுட்டிருந்தான். கரடி என் காலடியில் விழுந்தது.

“இன்னும் கொஞ்சம் இழு மார்ஃபா, மரமே வேரோட வந்துரும்” என்றான் எரேமி. எனக்கு மூன்று நாள் அந்தக் காது கேட்கவில்லை. அவனுக்கு நான் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வசவுதான் சொன்னேன். எங்களுக்குள் அப்படித்தான், பதினொரு வருடம்.

அந்த எரேமி ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி புயலில் போய்விட்டான்.

படகு கவிழ்ந்து மிதந்தது. நாலு நாள் தேடினோம். மூடுபனி, விமானம் ஏற முடியவில்லை. மே இரண்டாம் தேதி தேடலை நிறுத்தினார்கள். பிறகு ஒரு மீனவன், கறுப்புப் பாறைக் குடாவில் அவன் துப்பாக்கி மரக்கிளையில் தொங்குவதைப் பார்த்து எடுத்து வந்தான். அதற்கும் பிறகு எதிர்க்கரையில் உடல் ஒதுங்கியது. கரையில் துப்பாக்கியை மாட்டிவிட்டுப் படகைக் கட்டப் போனவனை அலை இழுத்துக்கொண்டது என்று எல்லாரும் நினைத்தோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். புயல் நாளையே இறந்த நாளாக வைத்து எண்ணி, ஜூன் ஆறாம் தேதி கோயிலில் நாற்பதாம் நாள் பிரார்த்தனை முடிந்தது. அதற்குத்தான் ஊருக்கு வந்திருந்தேன். பத்தாம் தேதி திரும்பவும் ஓடைக்குப் போக வேண்டும். இந்த முறை பின்னால் எரேமி இல்லை. குழல் மாட்டினால் பிரிட்டாவைக் காப்பாற்ற யாரும் இல்லை.

ரொஹேலியோ ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான். முதலில் பெரிய குண்டு போடுகிற பம்ப் துப்பாக்கி. பக்கத்தில் வந்தால் சரி, ஐம்பது கஜம் தள்ளிப் போனால் சாமியைக் கும்பிட வேண்டியதுதான். அடுத்து, சின்னத் தோட்டா போடுகிற ராணுவ ஜாதிக் குட்டைத் துப்பாக்கி.

“இது கரடிக்குக் கொசுக்கடி. என்னை அனுப்பி வைக்கலாம்னு முடிவே பண்ணிட்டியா?”

“சும்மா காட்டினேங்க்கா. நீங்க என்ன வாங்குவீங்கன்னு எனக்குத் தெரியாதா?”

கடைசியாக, எரேமி வைத்திருந்த அந்த ஜாதித் துப்பாக்கியை எடுத்தான். தோட்டா முழுப் பெரிய தோட்டா, மான் கரடி எதையும் சாய்க்கிறது. ஆனால் மேகசினும் சுடும் யந்திரமும் விசைக்குப் பின்னால், கன்னம் படும் இடத்துக்குள் இருக்கும். அதனால் குழல் குறையாமலே மொத்த நீளம் என் கை நீளத்துக்கு வந்துவிடுகிறது. கனம் மட்டும் குறையாது. விசை சேற்றில் கால் வைத்த மாதிரி இழுக்கும். காதுக்கும் கேடு. அதற்கெல்லாம் நான் தயார்.

மேஜை மேல் இரண்டு. ஒன்று புதிது. இன்னொன்று பழையது, அதன் வாரின் நுனியில் பச்சை வலை நூல் சுற்றியிருந்தது. அந்த முடிச்சு எனக்குத் தெரியும்.

“இது எரேமியோடது.”

“ஆமாங்க்கா. லுகேரியா நேத்துதான் கொண்டாந்தா. வீட்டுல வச்சுக்க முடியலையாம்.”

லுகேரியா எரேமியின் மனைவி. எங்கள் பக்கத்தில், செத்தவர் ஆவி நாற்பது நாள் தன் சாமான்களைச் சுற்றி வரும். அதுவரை எதையும் விற்க மாட்டோம், கொடுக்க மாட்டோம், உடுத்த மாட்டோம்.

“நாப்பது முடிஞ்சதா?” என்றேன், தெரிந்தே.

“என்னையா கேக்குறீங்க? நான் மணிலாக்காரன் மகன். பாதிரியார் பக்கத்துல நின்னு பாடுனது நீங்க.”

புதியதைத் தோளில் வைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. பழையதை வைத்தேன். இதுதான் அன்றைக்கு என் உயிரைக் காப்பாற்றியது. அதற்கு மேல் யோசிக்க எனக்கு ஒன்றும் இல்லை.

“ஒண்ணே ஒண்ணு” என்றான் ரொஹேலியோ. “அவர் இடது கைக்காரர். சுட்டதும் காலிக் கூடு இடப்பக்கம் தெறிக்கிற மாதிரி வச்சிருக்கார். நீங்க இப்படியே சுட்டீங்கன்னா, கொதிக்கிற பித்தளை நேரா உங்க கன்னத்துலதான் அப்பும். இருங்க, மாத்தித் தர்றேன்.”

ஐந்து நிமிட வேலை. உள்ளே ஒரு சின்னத் துண்டை இடம் மாற்றி, பக்க மூடியைக் கழற்றி மறுபக்கம் பொருத்தினான். எனக்கும் சொல்லிக் கொடுத்தான். சுடுதளத்துக்குப் போய் இருபது தோட்டா போட்டேன். இருபது கூடும் வலப்பக்கம் ஒழுங்காக விழுந்தன.

பத்தாம் தேதி மிதவை விமானம் என்னை ஓடை வாயில் இறக்கியது. பிரிட்டா கரையில் நின்றிருந்தாள். அவளுக்கு முப்பது வயது, மீனைத் தவிர எதையும் எண்ண வராது.

“அட, எரேமியோட துப்பாக்கி!” என்றாள். உடனே முகம் சுருங்கியது. “உங்களுக்கு ஒண்ணும் தோணலையா, மார்ஃபா?”

“தோணுது. இவ்வளவு கனமா இதைத் தூக்கிட்டுத் திரிஞ்சானே, முட்டாள்னு தோணுது.”

மறுநாள் நடுப்பகல். மூடுபனி விலகாமல் கடல்மேல் வெள்ளையாகக் கிடந்தது. மீன் எண்ண ஓடைக்குக் குறுக்கே கட்டிய தடுப்பு மேல் பிரிட்டா குந்தி எண்ணிக்கொண்டிருந்தாள். எதிரே, கறுப்புப் பாறைக் குடாப் பக்கத்திலிருந்து ஒரு வெடி. ஐந்து எண்ணும் நேரம். இன்னொன்று. ஐந்து எண்ணும் நேரம். மூன்றாவது.

“எவன்டா அது, கரடி சீசன் முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சே” என்றேன்.

“எது?”

“சுட்டானே, மூணு.”

பிரிட்டா என்னை நிமிர்ந்து பார்த்தாள். “யாரும் சுடலையே. மே மாசம்தான் கேட்டுட்டே இருந்துச்சு.”

ஆமாம், மே மாதம் கேட்டது. மூன்றாம் தேதி இங்கே தடுப்புக் கட்ட வந்தபோது, தினமும் நடுப்பகலில் மூன்று வெடி. மூன்று வெடி என்றால் எங்கள் ஊரில் ‘காப்பாத்துங்க’ என்று அர்த்தம். கேட்டவர் பதிலுக்கு ஒன்று போட வேண்டும். ‘கேட்டுவிட்டேன், இருந்த இடத்திலேயே இரு, வருகிறேன்’ என்று அர்த்தம். வருகிற ஒவ்வொரு புது ஆளுக்கும் முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுப்பவள் நான். ஆனால் சீசனில் வெளியூரிலிருந்து வரும் வேட்டைக்காரர்களும் குறி சரிபார்க்க மூன்று மூன்றாகத்தான் நிதானமாகச் சுடுவார்கள். வசந்த காலம் முழுக்க அந்தச் சத்தம்தான். அதற்கெல்லாம் பதில் போட்டால் தோட்டாவும் மிஞ்சாது, மானமும் மிஞ்சாது. அதனால் யாரும் போடுவதில்லை.

காதுதான் போன ஆகஸ்டிலிருந்து சரியில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பன்னிரண்டாம் தேதி காலையில் துப்பாக்கியைத் துடைக்க எடுத்தேன். பக்க மூடி வலப்பக்கம் இருந்தது. அதாவது கூடு வெளியேறும் வாய் இடப்பக்கம்.

“பிரிட்டா! இதுல கை வச்சியா?”

“நானா? அதை எப்படிப் பிடிக்கிறதுன்னே எனக்குத் தெரியாது.”

“அப்ப பேயா வந்து மாத்துச்சு?” என்று கத்தினேன். கத்தியபிறகு அந்த வார்த்தை கூடாரத்துக்குள்ளேயே நின்றது. பிரிட்டா, கெட்டி பிஸ்கட் மாதிரி இருக்கும் பைலட் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்திவிட்டாள்.

மாற்றிப் பொருத்தினேன். நடுப்பகலில் மூன்று வெடி. பதின்மூன்றாம் தேதி காலையில் மறுபடியும் இடப்பக்கம். மாற்றினேன். நடுப்பகலில் மூன்று வெடி. பதினாலாம் தேதிக்கு முந்தைய ராத்திரி துப்பாக்கியை என் படுக்கைப் பைக்குள்ளேயே போட்டு, இரண்டு காலுக்கும் நடுவே வைத்துக்கொண்டு படுத்தேன். விடிந்து பார்த்தால் இடப்பக்கம். பித்தளை வாசமும் வெடிமருந்து வாசமும் பையெல்லாம் அடித்தது. துப்பாக்கியை நான் சுடுதளத்திலிருந்து வந்ததுமே சுத்தமாகத் துடைத்து எண்ணெய் போட்டிருந்தேன்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. கரடிக்குப் பயந்தால் துப்பாக்கியைத் தூக்கலாம். இந்தப் பயத்துக்கு எதைத் தூக்குவது? அன்றைக்கும் மூன்று வெடி. வெடிக்கும் நேரத்தில் கடற்காக்கைகள் எழும்பவில்லை. தண்ணீரில் மீன்கள் கலையவில்லை. என் ஒருத்திக்கு மட்டும் கேட்டது.

பதினைந்தாம் தேதி காலையில் வழக்கம்போல மாற்றிப் பொருத்திவிட்டு, நடுப்பகலுக்காகவே தடுப்பில் போய் நின்றேன். பிரிட்டா எண்ணுவதை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வெடி. ஐந்து எண்ணினேன். இன்னொரு வெடி. ஐந்து எண்ணினேன். பத்து எண்ணினேன். நூறு வரை எண்ணினேன்.

மூன்றாவது வரவில்லை.

“இன்னைக்கு ரெண்டுதான்” என்றேன்.

பிரிட்டா மெதுவாகச் சொன்னாள்: “மே மாசத்துலயும் கடைசி நாள் ரெண்டுதான் கேட்டுச்சு. ஏழாம் தேதி. நீங்ககூட ஒண்ணு சொன்னீங்களே.”

சொன்னேன். ‘தோட்டா தீந்துபோச்சு போல சனியனுக்கு. இனியாவது சும்மா கிடப்பான்’ என்று சொன்னேன். பிரிட்டா சிரித்தாள், நானும் சிரித்தேன்.

விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன். மே ஏழைச் சேர்த்து அந்த மாதத்தில் இருபத்தைந்து நாள். ஜூனில் பதினைந்து. நாற்பது. இன்றைக்கு நாற்பது. அப்படியானால் ஜூன் ஆறாம் தேதி நாங்கள் எண்ணி முடித்தது தப்புக் கணக்கு.

“பிரிட்டா, நீ கூடாரத்துக்குள்ள போய் எங்கப்பாவோட நீட்டுத் துப்பாக்கிய வச்சுக்கிட்டு உக்காரு. நான் கறுப்புப் பாறைக்குப் போறேன்.”

“பனியா இருக்கே, தனியாவா?”

“தனியாத்தான்.”

இரண்டு மைல். மோட்டாரை அணைத்து படகைக் கூழாங்கல்லில் ஏற்றியபோது ஒரு சத்தமும் இல்லை. துப்பாக்கி தொங்கிய ஆல்டர் கிளையை மீனவன் சொன்ன அடையாளத்தில் கண்டுபிடித்தேன். அதன்மேல் வார் உராய்ந்த தடம் இன்னும் இருந்தது. மீனவன் கரையோடு வந்து, எட்டிப் பறித்துக்கொண்டு போயிருக்கிறான். அதற்குப் பின்னால், மேட்டில், ஒரு தட்டைப் பாறை. மே மாதத்தில் அதைச் சுற்றி வெறும் மண்ணாக இருந்திருக்கும். இப்போது இடுப்பளவு புல்.

புல்லை விலக்கினேன்.

பாறையடி மண்ணில் ஒரு ஆள் சாய்ந்து உட்கார்ந்த பள்ளம். பக்கத்தில் ஒரே அளவாக வெட்டிய இரண்டு ஆல்டர் குச்சிகள், பூட்ஸ் கயிறு சுற்றியபடி. கால் உடைந்தால் நாங்கள் அப்படித்தான் கட்டுவோம். சுற்றிலும் நத்தை ஓடுகள், உடைத்து உறிஞ்சியவை. பாறைக்கு இடப்பக்கம், புல்லின் வேருக்குள், கறுத்துப்போன பித்தளைக் கூடுகள்.

விழுந்தபடி இல்லை. பொறுக்கி, மூன்று மூன்றாக நிமிர்த்தி அடுக்கி வைத்திருந்தான். நாள் கணக்கு வைக்க. முழங்காலிட்டு எண்ணினேன். மூன்று, மூன்று, மூன்று... எட்டு வரிசை. ஒன்பதாவது வரிசையில் இரண்டு. மேகசினில் இருபது, எப்போதும் சட்டைப் பையில் ஆறு. அவன் வழக்கம் எனக்குத் தெரியாதா? இருபத்தாறு தோட்டா. ஒன்பது நாள்.

ஒன்பது நாள் இந்தக் கல்லில் சாய்ந்து உட்கார்ந்து கூப்பிட்டிருக்கிறான். முதல் நாலு நாள் நாங்கள் மோட்டார் இரைச்சலோடு வேறு பக்கம் தேடினோம். அதற்குப் பிறகு ஐந்து நாள், நேர் எதிரே, நான் இருந்தேன். என் கூடாரத்துப் புகை அவனுக்குத் தெரிந்திருக்கும். மார்ஃபாவுக்குக் கேட்கும், மார்ஃபா ஒன்று போடுவாள் என்று காத்திருப்பான். கடைசித் தோட்டாவும் தீர்ந்தபிறகு, அடுத்து வருகிறவனுக்காவது ஆகட்டும் என்று துப்பாக்கியை நனையாத உயரத்தில் மாட்டிவிட்டு, உடைந்த காலோடு என் புகையை நோக்கித் தண்ணீரில் இறங்கியிருக்கிறான்.

“எரேமி” என்று கத்தினேன். “எரேமி, எனக்குக் கேட்டுச்சுடா. அன்னைக்கே கேட்டுச்சு.” வாய்விட்டு அழுதேன். ஒன்பதாவது வரிசைக்குப் பக்கத்தில் புல் யாரோ உட்கார்வதுபோல மெதுவாக அமுங்கியது. காற்று இல்லை.

நான் எழுந்தேன். துப்பாக்கியைப் பார்த்தேன். காலையில் நான் மாற்றியபடி, வாய் வலப்பக்கம்தான் இருந்தது. இரண்டு முறை தொட்டுப் பார்த்தேன். தோளில் வைத்து, கன்னத்தைப் பதித்து, வானத்தைப் பார்த்து ஒன்று போட்டேன். கேட்டுவிட்டேன், இருந்த இடத்திலேயே இரு, வருகிறேன்.

வலது கன்னத்தில் நெருப்பு அப்பியது. கூடு என் முகத்தில் பட்டு இடப்பக்கம் உருண்டு, அந்த இரண்டு கூடுகளை இடித்துக்கொண்டு மூன்றாவதாக நின்றது. புல் நிமிர்ந்துகொண்டது.

அதன்பிறகு நடுப்பகலில் எதுவும் கேட்கவில்லை. பக்க மூடியும் நான் பொருத்திய இடத்திலேயே இருக்கிறது.

அடுத்த விமானத்திலேயே ஊருக்குப் போய் லுகேரியாவின் கதவைத் தட்டினேன். மாவுக்குள் மீனை வைத்துச் சுடும் பிரோக் செய்துகொண்டிருந்தாள். என் கன்னத்தைப் பார்த்துப் பதறி, “யார்டி சூடு வச்சது?” என்று வெண்ணெய் எடுக்க ஓடினாள். உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். பாறை, குச்சிகள், ஒன்பது வரிசை. இருபத்தேழு கூடுகளையும் மேஜைமேல் வைத்தேன். அவன் செத்தது மே ஏழாம் தேதிதான், நாற்பதாம் நாள் இந்தப் பதினைந்தாம் தேதிதான், பிரார்த்தனையை மறுபடி வைக்கச் சொல்லிப் பாதிரியாரைக் கேட்கலாம் என்றேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். இருபத்தேழாவதை, பளபளவென்று இருந்ததை, எடுத்து விரலில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

பிறகு கேட்டாள்: “மே மாசம், அவர் சுட்டது... உனக்குக் கேட்டுச்சா மார்ஃபா?”

பொய் சொல்லியிருக்கலாம். மூடுபனி, மோட்டார், செவிட்டுக் காது, எத்தனையோ இருந்தன.

“கேட்டுச்சு” என்றேன்.

லுகேரியா அடுப்பை அணைத்தாள். வெண்ணெய்க் கிண்ணத்தைத் திரும்ப எடுத்து உள்ளே வைத்தாள். நான் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.